பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

சென்ற டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் காலை, நம் பல்கலைக்கழகத் தோட்டத்துக் கொட்டகையில் ஒரு சிறு டிராக்டரைச் சுற்றி நால்வர் நின்றுகொண்டிருந்தோம். பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. அரைமணி நேரம் சுழற்றியும் எஞ்சின் பற்றவில்லை. வெண்புகை மட்டும் குபுகுபுவென்று வந்து பனியோடு கலந்தது. பட்டறையிலிருந்து வந்திருந்த மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, "எஞ்சின் போய்விட்டது. புது எஞ்சின் போடுங்கள், இல்லையானால் வண்டியையே தள்ளிவிடுங்கள்" என்று தீர்ப்புக் கூறினார். தோட்ட மேற்பார்வையாளரும் ஆமென்று தலையசைத்தார். 11 ஆண்டுகளாக அவ்வண்டியை ஓட்டிவரும் தோட்டக்காரர் ஒருவர்தாம் ஒப்பவில்லை. மாணவர் யாவரும் அவரைச் சாச்சா என்றே அழைப்போம். அவர் என் பக்கம் திரும்பி, "வண்டி சாகவில்லை, பேட்டா! மூச்சுத்தான் ஒழுகுகிறது" என்றார்.

நான் பௌதிகம் பயில்பவன்; டிராக்டர் பயில்பவன் அல்லன். ஆனால் விடுதியில் மின்விசிறி நின்றாலும், வெந்நீர்க் கலம் சுடாவிட்டாலும், பௌதிக மாணவனைக் கூப்பிடுவது நம்மவர் வழக்கம். அவ்வழக்கத்தின்படியே நானும் அங்கே அழைத்துச் செல்லப்பட்டேன். போன பிறகுதான் செய்தி விளங்கிற்று. வண்டி ஏலத்துக்குப் போனால் உழவு வேலையை வெளி ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் விட்டுவிடுவதென்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவர் தம் வண்டியைக் கொண்டுவருவார். தம் ஓட்டுநரையும் கொண்டுவருவார். சாச்சா மறுபடியும் மண்வெட்டியைத் தூக்கவேண்டும். அவருக்கு வயது 58, முழங்காலில் வாதம். ஆகவே கேள்வி இரும்பைப் பற்றியது மட்டுமன்று என்பதை அறிந்தேயிருந்தேன். அறிந்திருந்ததனாலேயே அளக்காமல் ஒரு சொல்லும் சொல்வதில்லை என்றும் உறுதி செய்துகொண்டேன். இரக்கப்பட்டு, 'பழுது பார்க்கலாம்' என்று சொல்லி, மூன்று மாதத்தில் எஞ்சின் மறுபடி நின்றுபோனால் சாச்சாவின் பேச்சை அதன்பின் எவர் கேட்பார்?

அந்த வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரே சிலிண்டர், டீசல், தண்ணீரால் குளிர்வது, சுமார் 15 குதிரைத்திறன். மரவரிசைகளுக்கு நடுவே புகுந்து செல்லக்கூடிய குறுகிய உடல். பெரிய டிராக்டர் நுழையாத பழத்தோட்டங்களிலும் நாற்றங்கால்களிலும் இத்தகைய வண்டிகளை இன்று நாடெங்கும் காணலாம். கையால் பிடித்துக்கொண்டு பின்னே நடக்கும் பவர் டில்லர்களிலும் பெரும்பாலும் இதே இனத்து எஞ்சின்தான். ஆதலின் கீழே சொல்வன அவற்றுக்கும் பொருந்தும். நம் ஊர்களில் கிணற்றடியில் ஓடும் டீசல் பம்பு எஞ்சினுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

நிற்க. டீசல் எஞ்சினில் பொறி கொளுத்தும் கருவி கிடையாது என்பதை யாவரும் அறிவர். 1897-இல் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய எஞ்சினிலும் சரி, நம் தோட்டத்து எஞ்சினிலும் சரி, தத்துவம் ஒன்றே. காற்றை மிகக் கடுமையாக அமுக்கினால் அது சூடேறும்; அச்சூட்டிலே எண்ணெயைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதல்லவா, அதுவே இது.

எவ்வளவு சூடாகும் என்பதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். காற்றைப் பதினேழில் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்குவதாகக் கொள்வோம். வெப்பம் சிறிதும் வெளியே போகாது, காற்றும் கசியாது என்றால், 27 டிகிரியில் உள்ளே போன காற்று ஏறக்குறைய 660 டிகிரி செல்சியஸ் சூட்டை அடையும். மெய்யான எஞ்சினில் சுவர்கள் கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். அதற்காகச் சூத்திரத்திலுள்ள அடுக்கை 1.4-லிருந்து 1.3-ஆகக் குறைத்தால் விடை சுமார் 430 டிகிரி. டீசல் எண்ணெய் தானே பற்றுவதற்கு 250 டிகிரிக்குச் சற்று முன்பின்னாக வேண்டும் என்று வைத்துக்கொண்டால், கையிருப்பு நிறைய இருக்கிறது. இனி, ரிங்குகள் தேய்ந்து காற்று கசியும் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். கசிவுக்காக அடுக்கை 1.2 என்று வைத்தால் அதே 27 டிகிரிக் காற்று சுமார் 255 டிகிரிதான் எட்டும். பற்றினாலும் பற்றலாம் என்ற நிலை. இப்போது ஜூன் மாதத்தை விட்டு டிசம்பருக்கு வாருங்கள். கொட்டகையில் 5 டிகிரி. நல்ல எஞ்சினில் அது 375 டிகிரிக்குப் போகும், கவலையில்லை. கசியும் எஞ்சினிலோ 215 டிகிரியோடு நின்றுவிடும். பீச்சிய எண்ணெய் எரியாமல் ஆவியாகி வெண்புகையாக வெளியே வரும். இது முரட்டுக் கணக்குத்தான். பேராசிரியர் பார்த்தால் சிவப்பு மையால் வட்டம் போடுவார். ஆயினும் அன்று காலை நாங்கள் கண்ட காட்சியை இக்கணக்கு அப்படியே சொல்லிவிடுகிறது. கோடையில் ஒழுங்காகக் கிளம்பிய வண்டி குளிர்காலத்தில் திடீரென்று 'செத்துப்போனது' போல் தோன்றுவதன் காரணம் இதுவே. வண்டி டிசம்பரில் கெடவில்லை. பல மாதங்களாகக் கெட்டுவந்தது. டிசம்பர் அதைக் காட்டிக்கொடுத்தது.

சாச்சா சொன்ன 'மூச்சு ஒழுகல்' என்பதைக் காட்டிலும் சரியான நோய்க்குறிப்பு வேறில்லை. ஆனால் மூச்சு எந்த வழியாக ஒழுகுகிறது? வழிகள் மூன்று. பிஸ்டன் ரிங்குகளுக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையே கீழ்நோக்கி ஒழுகலாம். வால்வுகள் சரியாக அமராமல் மேலே ஒழுகலாம். ஹெட் கேஸ்கட் வழியாகப் பக்கவாட்டில் ஒழுகலாம். பின்னிரண்டும் சின்னச் செலவு; முதலாவது நடுத்தரச் செலவு. இம்மூன்றில் எதுவும் எஞ்சினையே தூக்கியெறியத் தக்க காரணமன்று. தூக்கியெறியத் தக்க காரணங்கள் இன்னும் கீழே, கிராங்க் பெட்டியில் இருக்கும். அங்கே எட்டிப் பார்க்காமல் 'எஞ்சின் போய்விட்டது' என்று சொல்வது நாடி பிடிக்காமல் சாவு சொல்வதை ஒக்கும்.

புகையின் நிறத்தைப் பற்றிப் பலரும் பேசுவதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கறுப்புப் புகை எண்ணெய் மிகுந்து காற்றுக் குறைந்ததைக் காட்டும். பெரும்பாலும் அடைத்த காற்று வடிகட்டி, கெட்ட நாசில், அல்லது மிகுபாரம். நீலப் புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். வெண்புகை எரியாத டீசலாகவும் இருக்கலாம்; கேஸ்கட் வழியே புகுந்த தண்ணீரின் ஆவியாகவும் இருக்கலாம். முகர்ந்து பார்த்தால் டீசல் நெடி வேறு தெரியும். நிறத்தை நம்பித் தீர்ப்புச் சொல்லலாகாது. எங்கே முதலில் பார்ப்பது என்பதற்கு மட்டும் அது உதவும்.

நாங்கள் முதலில் காசில்லாத வேலைகளைச் செய்தோம். டாப்பெட் இடைவெளியைச் சரிபார்த்தோம். அது மிக இறுகியிருந்தால் வால்வு முழுதும் மூடாது. நல்ல எஞ்சினும் மூச்சு விடும். அதில் குறையில்லை. நாசிலைக் கழற்றிப் பம்பு பட்டறையில் சோதிக்கக் கொடுத்தோம். அதை ஒருபோதும் கையருகே வைத்துப் பீச்சிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும்; பிறகு அறுவை மருத்துவரிடம்தான் போகவேண்டும். நாசிலும் நன்றாகவே இருந்தது. வெயில் ஏறிய பின், வண்டியை ஒருவாறு தள்ளிக் கிளப்பி ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தோம். அடுப்பில் புகைபோக்கி போலப் 'பக் பக்' என்று ஒவ்வோர் அடிக்கும் புகை வந்தது. மேலே அடங்கியிருக்கவேண்டிய காற்று கீழே இறங்கி வருகிறது என்பது கண்கூடாயிற்று.

மறுநாள் அழுத்தமானியைக் கொண்டு கம்ப்ரெஷன் அளந்தோம். நான்கு சிலிண்டர் எஞ்சினாக இருந்தால் ஒன்றோடொன்றை ஒப்பிட்டு எது நோயாளி என்று சொல்லிவிடலாம். ஒற்றைச் சிலிண்டருக்கு அண்டை வீடு கிடையாது. ஆகையால் கைப்புத்தகத்தில் கொடுத்திருக்கும் அளவோடுதான் ஒப்பிடவேண்டும். குறித்த அளவில் மூன்றில் இரண்டு பங்குகூட ஏறவில்லை. பிறகு நாசில் துளை வழியாக ஒரு சிறு கரண்டி எஞ்சின் ஆயிலை ஊற்றிச் சுழற்றிவிட்டு மறுபடி அளந்தோம். அழுத்தம் சட்டென்று உயர்ந்தது. ஆயில் ரிங்குகளைச் சுற்றி நின்று சிறிது நேரம் கசிவை அடைக்கிறது. வால்வைப் பொறுத்தவரை அது ஒன்றும் செய்யாது. உயர்ந்தால் குற்றம் ரிங்கில். உயராவிட்டால் வால்விலோ கேஸ்கட்டிலோ. டீசல் எஞ்சினில் இச்சோதனைக்குக் கரண்டி அளவே போதும். அதன் எரியறை மிகச் சிறியது. தாராளமாக ஊற்றினால் ஆயிலே இடத்தை அடைத்து அழுத்தத்தைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். அதிகமானால் பிஸ்டன் மேலே வர இடமின்றிக் கனெக்டிங் ராடு வளைந்துபோகவும் கூடும்.

சந்தேகம் தீர இன்னொன்றும் செய்தோம். லேத் பட்டறையில் ஒரு பழைய நாசில் உடலில் டயர்க் குழாயின் வால்வை ஈயம்போல் உருக்கி ஒட்டித் தந்தார்கள். கோவைப் பக்கத்து நண்பர்களுக்கு இத்தகைய கைவேலை புதிதன்று. பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, வண்டியைக் கியரில் பூட்டி, பஞ்சர்க் கடைக் கம்ப்ரெஸரிலிருந்து காற்றை உள்ளே விட்டோம். கியரில் பூட்டாவிட்டால் காற்று பிஸ்டனைக் கீழே தள்ளிச் சக்கரத்தைச் சுழற்றிவிடும், கைவிரல் பத்திரம். இனிக் காதை வைத்துக் கேட்கவேண்டியதுதான். புகைக் குழாயில் சீறல் இல்லை. காற்று உறிஞ்சும் குழாயிலும் இல்லை. ரேடியேட்டரில் குமிழி இல்லை. ஆயில் வாயில் மட்டும் பாம்பு போல் சீறிற்று. சாச்சா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு இது ஒரு மாதம் முன்பே தெரியும்.

இவ்வளவும் எஞ்சினைத் திறக்காமலே கண்டவை. திறக்க மேற்பார்வையாளர் இசைந்தார். ஆயினும், "கழற்றிப் பார்க்கும் கூலி வீணானால்?" என்று ஒரு கேள்வி கேட்டார். நியாயமான கேள்வியே. கழற்றும் கூலி புது எஞ்சின் விலையில் மிகச் சிறு பகுதி. அதைச் செலவிட்டால்தான் பெரிய தொகையைப் பற்றிய முடிவு குருட்டு முடிவாக இராது என்று சொன்னேன்.

ஹெட்டைத் தூக்கியதும் லைனரின் மேற்பகுதியில் ஒரு படிக்கட்டு விரலுக்குத் தட்டுப்பட்டது. ரிங் தொடாத உச்சி விளிம்பு பழைய அளவிலேயே நிற்க, அதற்கு அடுத்துக் கீழே சுவர் தேய்ந்திருந்தது. தேய்மானம் எப்போதும் அங்கேதான் மிகுதி. பிஸ்டன் உச்சியில் ஒரு கணம் நின்று திரும்புகிறது. நிற்கும்போது ஆயில் படலம் முறிகிறது. அழுத்தமும் வெப்பமும் உச்சத்தில் இருப்பதும் அக்கணத்திலேயே. எவ்வளவு தேய்ந்தது என்று அளக்கும் உள்விட்ட அளவி எங்களிடம் இல்லை. அதற்கு ஓர் எளிய வழி உண்டு. ரிங்கை மட்டும் லைனருக்குள் விட்டு, அதன் இரு முனைகளுக்கு நடுவேயுள்ள இடைவெளியை இடைவெளித் தகடுகளால் அளப்பது. தேயாத அடிப்பகுதியில் 0.7 மி.மீ. இருந்தது. தேய்ந்த மேற்பகுதியில் 1.8 மி.மீ. வித்தியாசம் 1.1 மி.மீ. இது சுற்றளவில் வந்த வித்தியாசம். சுற்றளவு விட்டத்தைப்போல் 3.14 மடங்கு, ஆகவே விட்டத்தில் தேய்மானம் 0.35 மி.மீ. கைப்புத்தகம் பொறுத்துக்கொள்ளும் அளவை அது கடந்துவிட்டது. பள்ளியில் வட்டத்தின் சுற்றளவை மனப்பாடம் செய்தபோது இப்படியொரு பயன் வரும் என்று நான் எண்ணியதில்லை.

லைனர் போயிற்று, பிஸ்டனும் ரிங்கும் போயின. நல்லது. இவ்வகை எஞ்சின்களில் லைனர் தனி உருப்படி. பழையதை இழுத்தெடுத்துப் புதியதை இறக்கலாம். லைனர், பிஸ்டன், ரிங், பின் எல்லாம் ஒரே பெட்டியில் கடையில் கிடைக்கும்.

முடிவைத் தீர்மானிக்கும் உறுப்பு கிராங்க் தண்டு. கனெக்டிங் ராடு பற்றும் அந்த உருண்டையான பகுதி முட்டை வடிவாகியிருக்கிறதா, கோடு விழுந்திருக்கிறதா, வெப்பத்தால் நீலம் பாரித்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பௌதிக ஆய்வுக்கூடத்துத் திருகு அளவியைப் பெருமையோடு எடுத்துப் போனேன். அதன் வாய் 25 மி.மீ. வரைதான் திறக்கும், கிராங்க் அதைப்போல் இருமடங்குக்கும் மேல் பருமன்! வெட்கத்தோடு பொறியியல் துறை நண்பர் ஒருவரிடம் பெரிய அளவி இரவல் வாங்கி வந்தேன். சுற்றிலும் எட்டு இடங்களில் அளந்ததில் வேறுபாடு 0.02 மி.மீ.-க்குள் அடங்கிற்று. தண்டு இதுவரை ஒருமுறையும் கடையப்படாதது என்பதும் அளவிலிருந்தே தெரிந்தது. தேய்ந்திருந்தால் 0.25 மி.மீ. கடைந்து, அதற்கேற்ற தடித்த பேரிங் போடலாம். பிறகு ஒருகால் 0.50 வரை போகலாம். அதற்கும் மேற்பட்டால் தண்டையே மாற்றவேண்டும். செலவு பெரிதும் ஏறிவிடும். மெயின் பேரிங் தன் இருக்கையிலேயே சுழன்று இருக்கையைத் தின்றிருந்தாலோ, பிளாக்கில் விரிசல் இருந்தாலோ, ராடு முறிந்து பிளாக்கைத் துளைத்திருந்தாலோ, புது எஞ்சின் வாங்குங்கள் என்று நானே சொல்லியிருப்பேன், சாச்சாவின் முகத்தைப் பாராமல்.

இங்கே ஒரு கேள்வி எழவேண்டும். கீழே கிராங்க் பழுதில்லை. மேலே லைனர் மட்டும் இவ்வளவு தேய்ந்திருக்கிறது. ஏன்? ஆயிலில் அழுக்கிருந்தால் பேரிங்குகளும் தேய்ந்திருக்கும். மேல் ரிங்கும் லைனரின் மேற்பகுதியும் மட்டும் தேய்ந்தால் அழுக்கு காற்றோடு வந்தது என்று பொருள். காற்று வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள ரப்பர்க் குழாயைக் கழற்றி உட்புறம் விரலை ஓட்டினேன். விரலில் மாவு போல் மண் ஒட்டியது. குழாயின் அடிப்பக்கத்தில், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், இரண்டு விரற்கடை நீளத்துக்கு ஒரு வெடிப்பு. கிளிப்பும் தளர்ந்திருந்தது. வடிகட்டியை வாரந்தோறும் சாச்சா ஒழுங்காகக் கழுவி ஆயில் மாற்றியிருக்கிறார். எஞ்சினோ வடிகட்டிக்குப் பின்னாலிருந்த வெடிப்பின் வழியாக உழவுப் புழுதியை நேரே உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. இச்சமவெளியில் மே மாதத்து 'லூ' காற்று அடிக்கும்போது புழுதி எப்படியிருக்கும் என்பதை நான் நமக்குள் விவரிக்கவேண்டுவதில்லை. விடுதியில் நம் தலையணையைத் தட்டினாலே தெரியும். அப்புழுதியில் பெரும்பகுதி குவார்ட்ஸ். அது வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. ஆயிலோடு கலந்தால் அது உப்புத்தாள் பசையாகிவிடும்.

இவ்வெடிப்பைக் காணாமல் 90,000 ரூபாய்க்குப் புது எஞ்சின் போட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? அதுவும் அதே குழாய் வழியே மூச்சு விட்டிருக்கும். எந்த முடிவானாலும், பழையது ஏன் கெட்டது என்பதைக் கண்டபின்பே எடுக்கவேண்டும் என்பது இவ்வனுபவத்தில் எனக்கு நன்றாக உறைத்தது.

இனிக் கணக்கு. வண்டியின் மணிமானி எப்போதோ நின்றுவிட்டது. ஆனால் சாச்சா டீசல் வாங்கிய நோட்டுப் புத்தகம் இருந்தது. 11 ஆண்டில் ஏறத்தாழ 6,600 லிட்டர். மணிக்கு ஒன்றரை லிட்டர் என்றால் 4,400 மணி. ஆண்டுக்கு 400 மணி. எங்களுக்குக் கிடைத்த மதிப்பீடு: லைனர் வேலை முழுதும் 26,000 ரூபாய், புது எஞ்சின் 90,000 ரூபாய். பழுதுபார்த்தது 2,500 மணியும் புதியது 5,000 மணியும் ஓடும் என்று வைத்துக்கொண்டேன். இது என் ஊகம். வேண்டுவோர் வேறு எண்ணை வைத்துப் பார்க்கலாம். மணிக்குப் பழுது 10 ரூபாய் 40 காசு. புதிது 18 ரூபாய்.

பட்டறைகளில் ஒரு வழக்கு உண்டு: பழுதுச் செலவு புது விலையில் பாதியைத் தாண்டினால் பழுது பார்க்காதே என்பார்கள். அதன் உட்பொருள் இப்போது விளங்குகிறதல்லவா? பழுது பார்த்தது புதியதில் பாதிக் காலம் ஓடும் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. பாதிக் காலம் ஓடாதென்றால் பாதிச் செலவும் மிகுதியே. மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். எஞ்சின் புதிதானாலும் கியர்ப் பெட்டி, கிளட்ச், முன் அச்சு எல்லாம் பழையவை. அவை இன்னும் 2,500 மணிதான் தாங்கும் என்றால், புது எஞ்சினின் எஞ்சிய பாதி ஆயுள் பழைய இரும்போடு ஏலத்துக்குப் போகும். அப்போது புது எஞ்சினின் மணிச் செலவு 36 ரூபாய்! கியர் ஆயிலை வடித்துக் காந்தம் வைத்துப் பார்த்தோம். மெல்லிய பொடி உண்டு, சில்லுகள் இல்லை. இன்னும் சில ஆண்டு ஓடும், பத்தாண்டு ஓடாது.

மூன்றாவது வழியொன்றை எல்லோரும் இலவசம் என்று நினைக்கிறார்கள்: ஒன்றும் செய்யாமல், வெயில் ஏறியபின் தள்ளிக் கிளப்பி ஓட்டுவது. நோட்டுப் புத்தகத்தில் கடைசி இரண்டாண்டில் அதே வேலைக்கு மணிக்கு ஒன்றரை லிட்டர் 1.7 ஆகியிருந்தது. லிட்டர் 90 ரூபாய் என்று கொண்டால் மணிக்கு 18 ரூபாய் புகையாகப் போகிறது. எஞ்சின் ஆயில் செலவு தனி. புது எஞ்சினுக்கு ஆகும் மணிச் செலவை, எஞ்சின் வாங்காமலே கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அமெரிக்கப் புத்தகங்களைப் படித்துவிட்டு நண்பர் ஒருவர், "அங்கே பெரும்பாலும் மாற்றிவிடத்தான் சொல்கிறார்கள்" என்றார். உண்மையே. ஆனால் அங்கே தோட்ட டிராக்டர் என்பது பெரும்பாலும் வீட்டுப் புல்வெளிக்கானது, பெட்ரோலில் ஓடுவது, காற்றால் குளிர்வது. அவற்றிலும் பேதமுண்டு. கோலர் கம்பெனியின் பழைய கே வரிசை எஞ்சின்கள் வார்ப்பிரும்பு பிளாக் உடையவை. கடைந்து பெரிய பிஸ்டன் போடலாம் என்பதால் இன்றும் அவற்றைப் பேணுவோர் உளர். பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன் கம்பெனியின் சில சிறிய எஞ்சின்களில் பிஸ்டன் அலுமினியச் சுவரிலேயே நேராக ஓடும். அது தேய்ந்தால் செப்பனிடுவதைவிட மாற்றுவதே மலிவு. அன்றியும் அங்கே ஒரு மெக்கானிக்கின் ஒரு நாள் கூலி, சிறு எஞ்சின் விலைக்கு அருகே வந்துவிடும். நம் நாட்டில் உருப்படி விலை மிகுதி, கைக்கூலி குறைவு. அக்கூலி குறைவாக இருப்பது நமக்குப் பெருமையன்று. ஆயினும் கணக்கில் அதுவும் ஓர் உண்மை.

புது எஞ்சின் வாங்கத்தான் வேண்டும் என்ற நிலை வருவோர்க்கு ஒரு சொல். அதே கம்பெனி, அதே மாதிரி கிடைத்தால் நலம். வேறு எஞ்சினைப் பொருத்துவதாயின் குதிரைத்திறன் மட்டும் பொருந்தினால் போதாது. தண்டின் உயரம், சுழலும் திசை, வேகம், கிளட்சுத் தட்டின் துளைகள், ரேடியேட்டர் இடம் எல்லாம் பொருந்தவேண்டும். பொருத்தும் செலவை எவரும் மதிப்பீட்டில் எழுதுவதில்லை. கிராங்கும் பிளாக்கும் பிஸ்டனும் சேர்ந்த 'ஹாஃப் எஞ்சின்' என்ற ஒன்றும் சில மாதிரிகளுக்குக் கிடைக்கும். பழைய ஹெட், பம்பு, நாசில் ஆகியவற்றை அதன்மேல் பூட்டிக்கொள்ளலாம். கிராங்க் கெட்டு மேலுள்ளவை நன்றாக இருப்போர்க்கு அது நல்ல நடுவழி.

ஜனவரி இரண்டாம் வாரத்தில் லைனர் வேலை முடிந்தது. பேரிங்குகளையும், திறந்ததே திறந்தோம் என்று, புதியவையாகவே போட்டோம். முதல் 50 மணி நேரம் மிகுபாரம் ஏற்றலாகாது. அதற்காக நிறுத்தி வைத்து வெறுமனே ஓடவிடுவதும் தவறு. பாரமே இல்லாவிட்டால் ரிங்குகள் சுவரோடு அழுந்திப் பதியாமல், சுவர் கண்ணாடிபோல் பளபளத்துவிடும். பிறகு ஆயில் எரியும். இலேசான உழவு, தண்ணீர்த் தொட்டி இழுப்பது போன்ற வேலைகளே தக்கவை. 50 மணிக்குப் பின் ஆயிலை மாற்றி, ஹெட் போல்ட்டுகளை மறுபடி உரிய அளவுக்கு முறுக்கவேண்டும்.

பொங்கலுக்கு மறுநாள், 6 டிகிரிக் குளிரில், மூன்றாம் சுழற்சியிலேயே எஞ்சின் பற்றிற்று. மேற்பார்வையாளர் ஏலக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஒப்பந்தப் பேச்சை அடுத்த ஆண்டுக்குத் தள்ளியிருக்கிறார். இதை எழுதும்போது வண்டி 70 மணி ஓடியிருக்கிறது. ஆயில் குச்சியில் அளவு மேற்கோட்டிலிருந்து ஒரு நூல்தான் இறங்கியிருக்கிறது. சாச்சா புது ரப்பர்க் குழாயின்மேல் கோணித் துணி சுற்றியிருக்கிறார். அதனால் வெடிப்பு வந்தாலும் கண்ணுக்குத் தெரியாதே என்றேன். "சனிக்கிழமை சனிக்கிழமை அவிழ்த்துப் பார்ப்பேன், பேட்டா" என்றார்.